ஓடுபவரின் நிறை என்ன?

1

சென்ற சனிக்கிழமை காலை மலர் அக்கா திருகோணமலையிலிருந்து தொலைபேசியில் அழைத்து ஒரு சோடி சப்பாத்து கேட்டார். நான் நோர்வேக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. இத்தனை காலத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் அனுப்பும் சொக்கலேற், கம்பளிப் போர்வை எல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

"ஓடுற சப்பாத்து, தம்பி. ஆம்பிளையள் போடுறது. எட்டாம் நம்பர். அடி மொத்தமா, மெத்தெண்டு இருக்கவேணும். மெல்லிசு வேண்டாம்."

"ஆருக்கு அக்கா?"

"முதல்ல வாங்குங்கோ. பிறகு சொல்லுறன்."

அக்காவுக்கு எழுபது வயது. பிள்ளைகள் இல்லை. கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்கடலூரில் கடற்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கையில் தனியே இருக்கிறார். எட்டாம் நம்பர் அவருடைய கணவர் யோகராசாவின் அளவு. யோகண்ணை என்று நான் கூப்பிடும் அவர், போர்க்காலத்தில் ஒரு விடியற்காலை ஓடப் போனார், திரும்பி வரவில்லை.

அக்கா இன்னும் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த ஒழுங்கையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய அயலவர்கள் அவரைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த எதிர்பார்ப்பைக் கலைத்துவிடக்கூடிய ஒரு தகவல் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்வதா, விடுவதா என்ற கேள்வியுடன்தான் தொலைபேசியை வைத்தேன்.

2

இங்கே என்னுடைய வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அதிகாலைப் பேருந்தில் போய் மதியம் திரும்புவேன். பனிக்காலத்தில் வீட்டை விட்டு இறங்கும்முன் யன்னலால் முற்றத்தைப் பார்ப்பது வழக்கம். இரவு விழுந்த பனியில் யார் யார் நடந்திருக்கிறார்கள் என்று வாசிப்பேன். பத்திரிகை போடுகிறவர் வலது காலை இழுக்கிறார். மேல்மாடிப் பெண்ணுக்கு இந்த வருடம் புதுச் சப்பாத்து. என் மகன் அருணுக்கு இது வேடிக்கை.

"அப்பா, இஞ்ச ஒருத்தரும் வரமாட்டினம்."

"தெரியும்."

"பிறகென்ன பாக்கிறீங்கள்?"

அவன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. நீண்ட தூரம் ஓடுகிறவன். நோர்வேஜிய மொழியில் சிரித்துக் கதைக்கிறவன் என்னிடம் தமிழில் கதைக்கும்போது பரீட்சை எழுதுகிறவனைப் போல ஆகிவிடுகிறான். இப்போது இருவருக்கும் பொதுவாகக் கதைக்க இருப்பது சப்பாத்து ஒன்றுதான். அதில் அவன் விற்பன்னன். பாரம் குறைந்தால் வேகம். அடி மெத்தென்றிருந்தால் முழங்காலுக்கு நல்லது. முன்பு இரண்டும் சேர்ந்து கிடைக்காது, இப்போது இரண்டும் ஒரே சப்பாத்தில் கிடைக்கிறது என்றான். எங்கள் காலத்தில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம் என்றேன். "யார் தெரிவு செய்தது?" என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன்.

3

தெரிவு செய்தது யோகண்ணை. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அப்போது கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குத் திருகோணமலைச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். யோகண்ணை துறைமுகத்தில் இறங்கும் மூடைகளை எண்ணிப் பதியும் எழுதுவினைஞர். பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்து எங்கள் ஒழுங்கையில் மலர் அக்காவைக் கட்டியவர். ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் மாவட்டத்தில் அவரை முந்த ஆளில்லை. எங்கள் இரு வீட்டுக்கும் நடுவில் வேலி இல்லை. முற்றம் ஒன்று.

நோர்வேயில் இருந்த என் அத்தான், ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு சோடி சப்பாத்துக் கொடுத்தனுப்பினார். இரண்டும் எட்டாம் நம்பர். எனக்கும் யோகண்ணைக்கும் ஒரே அளவு. ஒன்று மெல்லிய அடியுள்ள பந்தயச் சப்பாத்து. மற்றதன் அடி இரண்டு விரல் மொத்தம். அழுத்தினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வரும். சல்லியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் கணபதி அந்த நேரம் வாசலில் நின்றார். யோகண்ணையின் பள்ளிக்கூடக் கூட்டாளி. சப்பாத்துகளை வாங்கித் தராசுத் தட்டில் வைத்துவிட்டார்.

"உது சூடை மீன் மச்சான். தட்டிலை இருக்கிறதே தெரியேல்லை." மற்றதை வைத்தார். "இது பாரை. ரெண்டு நாளைக்குக் கறி வைக்கலாம்."

"விரலை எடுத்துப்போட்டு நிறுங்கோ கணபதி," என்றார் மலர் அக்கா. "மீனுக்குச் செய்யிற வேலையைச் சப்பாத்துக்கும் செய்யாதேங்கோ."

ஓடுகிறவர் மெல்லியதைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். யோகண்ணை மொத்த அடியை எடுத்தார்.

"மெல்லிசு போட்டால் கால்ல ஒண்டும் இல்லாத மாதிரித்தான். ஆனால் தார் ரோட்டில ஓடி முடிய எலும்பெல்லாம் கொதிக்குமடா தம்பி. மெல்லிசு இண்டைக்கு ஓடுறதுக்கு. மொத்தம் நாளைக்கும் ஓடுறதுக்கு."

"நாளைக்கு ஓடுறது கிடக்கட்டும், இப்ப சங்கக் கடைக்கு ஓடுங்கோ. மா முடியப்போகுது," என்றார் அக்கா.

மெல்லிய சோடி எனக்கு வந்தது.

4

அந்த வருடங்களில் எங்கள் பகுதியில் காதுதான் முதலில் ஆளைக் கண்டது. பூட்ஸ் சத்தம் வேறு, றப்பர் செருப்புச் சத்தம் வேறு. மற்ற ஊர்களில் செருப்பைத் தேய்த்து நடக்கிற பிள்ளைக்குத் தாயிடம் ஏச்சு விழும். எங்கள் ஒழுங்கையில் தேய்க்காமல் நடந்தால் ஏச்சு விழும். "தேய்ச்சு நட! ஆரெண்டு தெரியவேண்டாமே!" இராணுவக் காவலரணான சென்றிக்குக் கிட்டப் போகும்போது பெரியவர்களும் தேய்த்தார்கள். சைக்கிள்காரர் ஆளில்லாத வீதியில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சத்தமில்லாமல் வருகிறவன்தான் சந்தேகத்துக்குரியவன். சிவில் உடுப்பில் ஆள் பிடிக்க வருகிறவர்கள் சத்தமில்லாமல்தான் வந்தார்கள்.

யோகண்ணையின் புதுச் சப்பாத்துக்குச் சத்தமே இல்லை. முதல் நாள் கிணற்றடியில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். மூச்சுக் கேட்ட பிறகுதான் திரும்பினேன். இரண்டாம் நாள் கடற்கரைச் சென்றியில் நின்றவன் இவரைக் கிட்டத்தில் திடீரென்று கண்டு துவக்கை நீட்டிவிட்டான். வழக்கமாக இவரைக் கண்டு சிரிக்கிறவன்தான்.

"மாட்டு மணி ஒண்டு கட்டி விடட்டோ?" என்று அக்கா கேட்டார்.

"கட்டினால் நீர் பால் கறக்க வெளிக்கிட்டிடுவீர்."

அதன் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடும்போது கைதட்டிக்கொண்டு ஓடினார். இரண்டடிக்கு ஒரு தட்டு. விடியற்காலை படுக்கையில் கிடந்தபடி கேட்டிருக்கிறேன். காலடி இல்லாத கைதட்டல் ஒன்று முற்றத்தில் தொடங்கி ஒழுங்கையால் போய், கடற்கரைப் பக்கம் தேய்ந்து மறையும். பிறகு அதேபோல வளர்ந்துகொண்டு திரும்பி வரும். ஆளைத் தெரியாதவர் கேட்டிருந்தால் கதவைப் பூட்டியிருப்பார்.

ஒரு நாள் காலை கைதட்டல் போனது கேட்டது. வந்தது கேட்கவில்லை.

5

சென்றியில் விசாரித்தோம். இந்தப் பக்கம் வரவில்லை என்றார்கள். முகாம் வாசலில் நின்றோம். அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். கடைசியாக என்ன உடுத்திருந்தார் என்ற கேள்வி வந்தது. "சப்பாத்து," என்றார் மலர் அக்கா. "சபத்து," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். இரண்டு மொழிக்கும் போர்த்துக்கீசன் விட்டுப்போன ஒரே சொல். அன்றைக்கு அந்த மேசையில் இரு பக்கத்துக்கும் விளங்கிய சொல் அது ஒன்றுதான்.

இரண்டரை மாதம் போனது. எங்கள் முற்றத்தை அக்கா காலையில் கூட்டுவதோடு, விளக்கு வைக்கும்முன் மாலையிலும் ஒருமுறை கூட்டுவார். அந்த நாட்களில் பல வீட்டில் அப்படித்தான். விளக்குமாற்றின் வரி மட்டும் மணலில் இருக்கும். காலையில் எழுந்தால் அந்த வரிகளுக்கு மேல் யார் நடந்தார்கள் என்று தெரியும். பெரும்பாலும் முற்றவெளி மைதானப் பக்கமிருந்து வரும் ஊர் மான்களின் குளம்படிதான் கிடக்கும்.

அன்று அக்கா என்னைக் கத்திக் கூப்பிடவில்லை. யன்னலில் விரலால் தட்டினார்.

"தம்பி, சத்தம் போடாமல் வாங்கோ. மிதிச்சுப்போடாதேங்கோ."

படலையிலிருந்து அவருடைய வாசல்படி வரை சப்பாத்து அடையாளம். படிக்கு முன்னால் இரண்டு காலும் சேர்ந்து நின்ற அடையாளம். பிறகு திரும்பிப் போன அடையாளம். மீன் செதில் போன்ற வரிகள், நடுவில் ஒரு வட்டம். வலது குதியில் ஒரு செதில் இல்லை. யோகண்ணை கடற்கரை முருகைக்கல்லில் மிதித்துக் கிழித்த இடம் அது. அதே சப்பாத்துத்தான், வேறொன்றாக இருக்க வழியில்லை.

"இவர் வந்திட்டுப் போயிருக்கிறார்," என்றார் அக்கா. அழவில்லை. "கதவு பூட்டியிருந்தது. அதுதான் போயிட்டார்."

முற்றத்து நடுவில் மான் ஒன்று படுத்திருந்த குழி இருந்தது. காலடிகள் அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. அதாவது அவர் கடந்தபோது மான் அங்கே படுத்திருக்கிறது, எழும்பவில்லை. எங்கள் மான்கள் ஆளைப் பழகியவைதான். என்றாலும் கிட்ட ஒரு காலடிச் சத்தம் கேட்டால் எழும்பிவிடும்.

அன்று தொடக்கம் அக்கா கதவைப் பூட்டவில்லை. சும்மா சாத்தி வைத்தார். அந்த வருடத்தில், அந்த ஒழுங்கையில், கதவைப் பூட்டாமல் படுத்த ஒரே வீடு அது.

6

நிருபராக இருந்த காலத்தில் என் ஆசிரியர் "மர்மமான" என்ற சொல்லை எங்கே கண்டாலும் வெட்டிவிடுவார். என்ன கண்டாய், அதை எழுது என்பார். ஆகவே கண்டதை எழுதுகிறேன்.

யோகண்ணை ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் போனதில்லை. அதே சப்பாத்தோடு அதே மணலில் அவர் நடந்த அடையாளத்தை நான் தினமும் பார்த்தவன். முன்பாதம் மட்டும் பதியும். குதி தொட்டும் தொடாமலும் இருக்கும். இரண்டு காலும் நேராகப் போகும். மொத்த அடி பாரத்தைப் பரப்பிவிடுவதால் செதில் வரிகள் மேலோட்டமாக விழும். இப்போது கிடந்ததில் குதி ஆழமாக இறங்கியிருந்தது. வரிகள் நசிந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அக்கா குசினிக்குப் போன நேரம் என் மெல்லிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் மிதித்துப் பார்த்தேன். மெல்லிய அடிதான் கூட ஆழமாகப் பதியவேண்டும். நான் அப்போது எழுபது கிலோ. என்னுடையதை விட வந்தவனுடைய மொத்த அடி ஆழமாகப் போயிருந்தது.

சப்பாத்து யோகண்ணையுடையது. அதற்குள் நின்ற பாரம் அவருடையது இல்லை.

காலடிகள் மூன்று நான்கு தடவை வந்தன. ஒவ்வொரு முறையும் படி வரை வந்து, நின்று, திரும்பின. பூட்டாத கதவைத் திறந்ததாக ஒரு அடையாளமும் இல்லை. என் வாசலுக்கு ஒருமுறையும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அக்கா அன்றைக்கு நல்ல சேலை உடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, உந்தக் காலடி…"

"ஓம் தம்பி, வடிவாப் பார்த்தனான். இதைப் பேப்பரில போட்டிடாதேங்கோ. போட்டால் வரமாட்டார்."

ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக ஊரை விட்டு வெளிக்கிட்டது. தம்பலகாமத்தில் இருக்கிற அக்காவின் தமையன் வான் பிடித்துக்கொண்டு வந்து தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சினார். "அவர் வந்து பார்க்க ஆளில்லாட்டி என்ன நினைப்பார்?" என்று அக்கா கேட்டார். தமையன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்ற அர்த்தத்தில். வான் வெறுமனே போனது. அடுத்த மாதம் நானும் போனேன்.

ஒஸ்லோவில் நடந்த அகதி விசாரணையில் நாட்டை விட்டு ஏன் வெளிக்கிட்டாய் என்று கேட்டார்கள். காலடி என்றேன். மொழிபெயர்த்தவர் இந்தியாவில் படித்தவர், நல்ல மனிதர். "காலால் அடித்தார்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார். இல்லை, காலடி, மணலில், என்றேன். "மணலில் போட்டு அடித்தார்களா?" விளங்கப்படுத்த என்னால் ஏலாமல் போய்விட்டது. அரசாங்கக் கோப்பில் இன்றைக்கும் நான் மணலில் போட்டு உதைக்கப்பட்டவன்.

7

நேற்று அருண் என்னைச் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மெத்தென்ற அடிக்கு இந்த மொழியில் 'டெம்பிங்' என்று சொல்ல வேண்டும். நான் 'டம்ப்' என்றுவிட்டேன். கடையில் நின்ற பெண் புருவத்தை உயர்த்தினாள். அருண் சிரித்தான்.

"அப்பா, டம்ப் எண்டால் ஆவி. நீங்கள் நிறைய ஆவி இருக்கிற சப்பாத்துக் கேட்டிருக்கிறீங்கள்."

தமிழ்ப் பாடசாலையில் நீராவி என்று படித்ததைச் சுருக்கிச் சொன்னான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது அவனுக்குத் தெரியாது. நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவனும் நிறுத்தினான்.

அளவைச் சொன்னேன். ஆணா, பெண்ணா என்று கேட்டாள், ஆண் என்றேன். பிறகு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ஓடுபவரின் நிறை என்ன?"

பாரமான ஆளுக்கு மெத்து வேறு, பாரம் குறைந்த ஆளுக்கு வேறு என்று அருண் விளக்கினான். பிழையாகக் கொடுத்தால் ஒன்று கல்லுப்போல இருக்குமாம், அல்லது நசிந்து தட்டையாகிவிடுமாம். ஐம்பத்தைந்து என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால், யோகண்ணை வந்துபோகிறார் என்று நானும் கையெழுத்து வைத்ததாகிவிடும். நான் வெளியே போய் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"அக்கா, கடையில நிறை கேக்கினம்."

"ஆரின்ர நிறை?"

"போடப்போற ஆளின்ர."

"நீங்கள் பார்த்தனீங்கள்தானே தம்பி? பக்கத்தில உங்கட காலையும் வைச்சுப் பார்த்தனீங்கள். நான் குசினி யன்னலால கண்டனான். எவ்வளவு இருக்கும்?"

நான் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன்.

"சொல்லுங்கோ. பேப்பர்காரர் சரியாப் பார்ப்பீங்கள்."

"எண்பத்தைஞ்சு," என்றேன்.

"நானும் அப்பிடித்தான் கணக்குப் பார்த்தனான். இப்ப வயதும் போயிருக்கும். இன்னும் அஞ்சைக் கூட்டிச் சொல்லுங்கோ."

"அக்கா, உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"என்ர மனுசன்ர நடை எனக்குத் தெரியாதே?"

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னை அங்க இருக்க விட்டிருப்பீங்களோ? தூக்கி வானுக்குள்ள போட்டிருப்பீங்கள். விசரி எண்டு நினைச்சபடியாத்தான் விட்டிட்டுப் போனீங்கள்." அவர் சிரித்த மாதிரி இருந்தது. "இவரைக் கொண்டுபோன இடம் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்ட இடமெல்லாம் இல்லை எண்டிட்டாங்கள். அந்தச் சப்பாத்தைப் போட்டவனுக்குத் தெரியும்தானே, அது எங்க கழண்டது எண்டு. அவன் ஒருத்தன்தான் என்னட்ட வந்தது. ஏன் வந்தவன், என்னத்தைச் சொல்ல வந்தவன் எண்டு தெரியாது. ஒருக்காலும் வாய் திறக்கேல்லை. அவன் வாற வீட்டைப் பூட்டிப்போட்டு நான் எங்க போக?"

"அதெல்லாம் எந்தக் காலம் அக்கா. இப்பென்ன சப்பாத்து?"

"போன மாசத்திலயிருந்து திரும்பவும் வாறான், தம்பி. படியடி வரைக்கும். இடது கால் அதே மாதிரி வெளியால திரும்பியிருக்கு. குதி அதே ஆழம். ஆனால் இப்ப வெறுங்கால்."

கண்ணாடிக்கு உள்ளே அருண் ஒரு சப்பாத்தை எடுத்து அடியைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். அழுத்திய இடம் மெதுவாக மேலே வந்தது.

"படியில வைக்கப்போறன்," என்றார் அக்கா. "குனிஞ்சு போடுறதுக்குக் கொஞ்ச நேரம் நிக்கவேணும். அந்த நேரம் காணும், இவரை எங்க விட்டதெண்டு நான் அவனைக் கேக்க."

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே உள்ளே போனேன். தொண்ணூறு கிலோ என்றேன். அந்தப் பெண் ஒரு பெட்டியை இறக்கினாள். எந்தத் தரையில் ஓடுகிறவர் என்று கேட்டாள். மணல் என்றேன். மணலே மெத்தானது, அதற்கு இவ்வளவு மொத்த அடி தேவையில்லை, காசு வீண் என்று நேர்மையாகச் சொன்னாள்.

"ஓடமாட்டார்," என்றேன். "வந்து நிற்பார்."

அவள் அருணைப் பார்த்தாள். அருண் என்னைப் பார்த்தான். காதுக்குள் அக்காவின் குரல் கேட்டது.

"எடுத்திட்டீங்களோ? கெதியா அனுப்புங்கோ தம்பி. மாரி தொடங்கினால் மணலில ஒண்டும் நிக்காது."